நகத்தை வெட்டிப்போட்டு அனுப்பு

நான் ஓரிடத்தில் இருக்கமாட்டாதவள். இருந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் வாய் ஆடும். ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில், என்னைக் கண்டால் உருளைக்கிழங்கு பயத்தில் தானாகவே தோலை உரித்துக்கொள்ளும் என்று பகிடி பண்ணுவார்கள். ஒருவர் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைக்க எனக்கு அவசரம். வீட்டில் இவர், என் கணவர், எதையும் தொடங்குவதையே விட்டுவிட்டார். 'ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். பழமொழிதானே என்று நானும் இருபத்தைந்து வருடம் சிரித்துக்கொண்டிருந்தேன். தங்கையின் பூனை வந்த பிறகு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் பதினொரு வயது இடைவெளி. இந்த நாட்டுக்கு நாங்கள் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. அம்மா விடியவே வேலைக்குப் போய்விடுவா. அவளுக்குத் தலை வாரி இழுத்து, உடுப்புப் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். கிழமைக்கொருமுறை நகம் வெட்டிவிட்டதும் நான்தான். கையை இழுத்து இழுத்துக் கத்துவாள். என் வாயில் 'நகம் வெட்டு' என்ற சொல் வந்தால், மனதில் வருவது அந்தச் சின்னக் கையும், தரையில் விரித்த பழைய பத்திரிகையும்தான்.

கலியாணம் கட்டிப் போன இடத்தில் அவளுக்குச் சரிவரவில்லை. போன வருடம் வீட்டை விற்று, ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அவளுக்குக் கிடைத்தது வாடகைக்கு ஒரு அறை. மிருகங்கள் கூடாது என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். ஏழு வருடம் வளர்த்த பூனையை என்ன செய்வது என்று தொலைபேசியில் அழுதாள். ஒருவர் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. அழுகிறவருக்கு உடனே ஒரு வேலையைக் கொடுத்தால்தான் எனக்கு ஆறும்.

"பூனையை இஞ்ச அனுப்பு," என்றேன். "உனக்கு ஒரு வீடு கிடைக்கும்வரை நான் பாக்கிறன்."

"உண்மையாவோ அக்கா? அத்தான் என்ன சொல்லுவார்?"

"அத்தான் என்ன சொல்லுறது, நான் சொல்லுறன். ஆனால் ஒண்டு. அவர் இதயத்துக்கு ஒப்பரேசன் செய்த ஆள், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுறவர். ஒரு கீறல் பட்டாலும் லேசில இரத்தம் நிக்காது. பூனைக்கு நகத்தை வெட்டிப்போட்டு அனுப்பு."

"நகத்தையோ? அக்கா, அது வந்து..." என்று இழுத்தாள்.

"எனக்குக் கதை வேண்டாம். நகம் வெட்டாமல் இந்த வீட்டுக்குள்ள பூனை வரேலாது."

"சரி அக்கா."

"வெட்டுறதெண்டால் வெள்ளிக்கிழமை வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். வெள்ளியில் நகம் வெட்டினால் வீட்டை விட்டு லட்சுமி போய்விடுவாள் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. பூனை நகத்துக்கும் அது பொருந்துமோ தெரியாது. என்னவோ வாயில் வந்தது, சொன்னேன்.

ஆவணி மாதம் அவளே பூனையைக் கொண்டுவந்தாள். வேலையில் நாலு நாள்தான் லீவு. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது அவள் முதலில் சொன்னது, "நீங்கள் சொன்னபடி நகம் வெட்டியிருக்கு அக்கா" என்பதுதான். "நல்லது" என்றேன். சாம்பல் நிறம், பச்சைக் கண், கொழுத்த முகம். நாலு நாளும் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தங்கை தரையில் குப்புறப் படுத்து அதோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். போகிற அன்று, "ஒரு வருசம்தான் அக்கா, நான் வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன். எனக்கெண்டு மிஞ்சினது இதுதான்," என்றாள். அதற்கும் நான், "சரி சரி, பிளேன் போயிடப் போகுது," என்று அவசரப்படுத்தினேன்.

அவள் போன பிறகு பூனை வெளியே வந்தது. அதன் பெயர் ஒரு இங்கிலிஸ் பெயர், என் வாய்க்குள் நிற்கவில்லை. 'இஞ்ச வா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. அதன் நடையில் ஒரு தயக்கம் இருந்தது. சுடுமணலில் வெறுங்காலோடு போகிறவர்களைப்போல முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. படுத்தால் இரண்டு நிமிடம். எழும்பி முன்காலை உதறும், வேறிடம் போகும், அங்கேயும் உதறும். சோபாவிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து குசினி வாசலுக்கு, திரும்பவும் சோபாவுக்கு. நானும் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் அப்படித்தான் திரிவேன்.

"உம்மடை இரத்தச் சொந்தம்தான்," என்றார் இவர். "ஒரு இடத்தில இருக்குதில்லை."

நானும் அதைக் கேட்டுச் சிரித்தேன். ஒருநாள் அது யன்னல் விளிம்புக்குப் பாய்ந்து, பிடிமானம் கிடைக்காமல் சறுக்கித் தொப்பென்று விழுந்தது. விழுந்த உடனே நாங்கள் பார்த்தோமா என்று பார்த்தது. அதற்கும் சிரித்தோம். அமெரிக்கச் சாப்பாடு, உடம்பு பாரம் என்றேன்.

இரண்டாம் கிழமை மூத்திரப் பிரச்சினை தொடங்கியது. அதற்கென்று பெட்டி வாங்கி, கடையில் சொன்ன கரடுமுரடான மண்ணைக் கொட்டி வைத்திருந்தேன். பெட்டிக்குள் ஒரு காலை வைக்கும், எடுக்கும், திரும்பிப் போய்விடும். பிறகு போய், மடித்து வைத்த துவாய்களின் மேல் பெய்துவிடும். அடுத்த நாள் இவருடைய சாரத்தின் மேல். அதற்கடுத்த நாள் கோயிலுக்குக் கட்டவென்று எடுத்து வைத்த என் பட்டுச்சேலையின் மேல். வீட்டில் மெத்தென்று எது இருந்தாலும் அதன் மேல். வேண்டுமென்றே செய்கிறது என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையைத் தட்டித் துரத்தினேன். குளியலறைக்குள் பூட்டி வைத்தேன். வேலையிலிருந்து வந்தால் சப்பாத்தைக் கழற்ற முதல் மூக்கைச் சுளித்துக்கொண்டு வீடு முழுக்க மணந்து திரிவேன். வீட்டில் ஒரு நிம்மதி இல்லை. அதற்கும் இல்லை, எனக்கும் இல்லை. இவர் மட்டும் அது பக்கத்தில் வந்தால் சேர்ட் நுனியால் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதற்குள் எனக்கு இன்னொரு யோசனை. நகம் வளர்ந்திருக்குமே. வெட்டி ஒரு மாதம் தாண்டியிருக்கும், திரும்பவும் வெட்டவேண்டுமே. பூனைக்கென்று ஒரு நகவெட்டி வாங்கினேன். ஆனால் அதன் முன்காலில் நகம் ஒன்றும் தெரியவில்லை. பூனை நகத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கும், விரலை அமுக்கினால் வெளியே வரும் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கையில் மாவோடு குசினிக்குள் நின்றபடி நான்தான் கத்தினேன்.

"இஞ்சேருங்கோ, அது உங்களிட்டைத்தானே இருக்கு. காலை அமுக்கி நகம் வளந்திட்டுதோ எண்டு பாருங்கோ."

"நீர் வாரும், சேர்ந்து பாப்பம்."

"எனக்கு வேலை கிடக்கு. ஒரு காலைப் பிடிக்க ரெண்டு பேரோ?"

பிடித்தார். அமுக்கினார். பூனை சீறவில்லை, உறுமவில்லை. பேசாமல் திரும்பி அவருடைய கட்டைவிரலின் அடிச் சதையில் கடித்துப் பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போனபோது தரையில் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. துவாயால் அரைமணி நேரம் அமுக்கினோம். நாலு சின்ன ஓட்டைதான், ஆனால் ஆழம். அடுத்த நாள் காலையில் கை மணிக்கட்டுவரை வீங்கிச் சிவந்திருந்தது. வைத்தியசாலையில் நாலு நாள் மறித்து வைத்து மருந்து ஏற்றினார்கள். பூனையின் பல் ஊசி மாதிரி, கிருமியை ஆழத்தில் விட்டுவிடும், உங்கள் கணவருடைய இதயத்துக்கு இது விளையாட்டில்லை என்றார் அங்கிருந்த வைத்தியர். நான் பயந்துபோனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தார்கள். நாலு நாளும் நான் அதில் ஒழுங்காக இருந்ததில்லை.

இனி அந்தப் பூனை வீட்டில் இருக்க ஏலாது என்று முடிவெடுத்தேன். ஒன்றில் இவர், இல்லாவிட்டால் பூனை. கைவிடப்பட்ட மிருகங்களை எடுக்கும் காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். கடிக்குமா? கடிக்கும். பெட்டியில் போகுமா? போகாது. அப்படியென்றால் அதை யாரும் எடுக்கமாட்டார்கள், ஆயுள் முழுக்க இங்கே கூட்டுக்குள்தான் இருக்கும், முதலில் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், காரணமில்லாமல் பூனை இப்படிச் செய்யாது என்றாள். காரணம் கொழுப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டு மிருக வைத்தியரைப் பார்க்க டெர்மின் எடுத்தேன்.

வைத்தியர் என் வயதுப் பெண். பூனையின் முன்காலை மெதுவாகத் தொட்டாள். அது உடனே காலை இழுத்துக்கொண்டது. மற்றக் காலைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நகங்களை யார் எடுத்தது?"

எனக்கு ஒரு பெருமை வந்தது. ஒழுங்காகப் பூனை வளர்க்கிறவள் என்று காட்டவேண்டாமா. "என் தங்கை," என்றேன். "நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். என் கணவருடைய உடல்நிலைக்காக."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"இது இந்த நாட்டில் சட்டப்படி தடை என்று தெரியுமா?"

"நகம் வெட்டுவதா?"

முப்பது வருடமாக இந்த நாட்டில் சிவப்பு விளக்கில் வீதியைக் கடக்காதவள் நான். அமெரிக்காவில் செய்தது, இதோ அதன் பயணச் சான்றிதழ், இதோ ஊசி போட்ட கடிதம் என்று பையிலிருந்த கடதாசிகளையெல்லாம் மேசையில் பரப்பினேன். அவள் அவற்றைத் தொடவில்லை. பூனையை மயக்கி எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றாள். ஒரு மணி நேரம் அந்த அறைக்கும் வெளிக்கதவுக்கும் இடையில் நடந்தேன். திரும்பக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் படத்தைக் காட்டினாள். பின்காலில் ஒவ்வொரு விரல் நுனியிலும் கொக்கிபோல ஒரு எலும்பு. முன்காலில் அந்த எலும்பே இல்லை.

"நகம் இந்த எலும்பில்தான் முளைக்கிறது," என்றாள். "நகம் திரும்ப வரக்கூடாது என்றால் எலும்பை வெட்டவேண்டும்." என் கையை எடுத்து, சுட்டுவிரலின் கடைசி மடிப்பை இரண்டு விரலால் பிடித்தாள். "இதுவரை. பத்து விரலிலும்."

படத்தில் இரண்டு இடத்தில் அரிசிக் குறுநொய் அளவு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. வெட்டியபோது தவறவிட்ட எலும்புத் துண்டுகள். ஒவ்வொரு அடிக்கும் அது குத்தும், அதனால்தான் காலை உதறுகிறது என்றாள். கரடுமுரடான மண்ணில் கால் வைக்க நோகும், அதனால்தான் துவாயைத் தேடுகிறது. நகமிருந்தால் பூனை ஒருமுறை கீறி எச்சரிக்கும். அது போய்விட்டால் மிஞ்சுவது பல் மட்டும்தான் என்றாள். எல்லாப் பூனையும் ஒரே மாதிரி இல்லை, சிலது சமாளித்துவிடும், இது அப்படி இல்லை. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கொழுப்பு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. குளியலறைக்குள் பூட்டி வைத்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் வெட்கம் கோபமாக மாறியது. எனக்கு அது எப்போதும் அப்படித்தான். பூனைக் கூடையை ட்ராம் நிறுத்தத்து வாங்கில் வைத்துவிட்டுத் தங்கைக்கு எடுத்தேன். அவளுக்கு அங்கே விடியற்காலை.

"எடி, பூனைக்கு என்ன செய்து அனுப்பினனீ?"

"ஏன் அக்கா, நீங்கள் சொன்னபடி நகம் வெட்டினதுதானே."

"எப்பிடி வெட்டினது?"

"டொக்டர்தான் ஒப்பரேசன் செய்தவர். இஞ்ச அப்பிடித்தான், எனக்குத் தெரிஞ்ச நாலைஞ்சு பேர் செய்திருக்கினம்." பிறகு அவளே தொடர்ந்தாள். "எனக்கு விருப்பமில்லை அக்கா. அண்டைக்கே சொல்ல வெளிக்கிட்டனான், நீங்கள் கதை வேண்டாமெண்டிட்டியள். அவங்கள் வெள்ளிக்கிழமைதான் இடம் இருக்கெண்டாங்கள். நீங்கள் சொன்னனீங்களெண்டு கெஞ்சிப் புதனுக்கு மாத்தினனான். ஒரு கிழமையா அது காலை ஊண்டேல்லை. நான் பக்கத்தில இருந்து அழுதனான். பிறகு அத்தானை நினைச்சன். என்ர பூனையால அத்தானுக்கு ஒண்டெண்டால், அக்கா, உனக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு."

உணர்ச்சிவசப்பட்டால் மட்டும்தான் அவள் எனக்கு 'உனக்கு' என்பாள்.

நான் வாயைத் திறந்தேன். நகத்தின் நுனியை வெட்டச் சொன்னதை இவள் விரலை வெட்டிவிட்டாள் என்று சொல்ல வசனம் தயாராக இருந்தது. சொன்னால் என் பக்கம் சுத்தமாகிவிடும். பிறகு அவளுக்கு என்ன மிஞ்சும்? புருசன் போய், வீடு போய், அந்தப் பூனையையும் ஒரு சொல்லுக்காக வீணாக வெட்டிப்போட்டேன் என்பதுதான் மிஞ்சும்.

"ஏன் அக்கா, பூனைக்கு ஏதும் நடந்ததோ?"

"இல்லை. சும்மாதான் கேட்டனான். நீ படு," என்றேன். கூடைக்குள்ளிருந்து பூனை மயக்கம் தெளியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு ட்ராம் வந்து போனது. நான் ஏறவில்லை.

இதை நான் எழுதுவதே அவள் தமிழ் வாசிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான். எழுத்துக் கூட்டிக் கூட்டி முதல் பந்தியிலேயே களைத்துவிடுவாள். அவளுக்கு ஒழுங்காகத் தமிழ் படிப்பிக்காததும் நான்தான். அதற்கும் எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"காப்பகத்துக்குச் சொல்லிப்போட்டன், அவையள் எடுப்பினம்," என்றேன்.

"என்ர உயிருக்காகத்தானே அதின்ரை விரல் போனது," என்றார். "இனி அது எங்கை போறது? இருக்கட்டும். நான் கையை வைக்காமல் இருக்கிறன்."

எலும்புத் துண்டுகளை எடுக்க இன்னொரு ஒப்பரேசன் செய்தோம். நோவுக்கு மருந்து கொடுத்தார்கள். தினமும் மீனுக்குள் வைத்துக் கொடுக்கிறேன். பெட்டியில் மண்ணுக்குப் பதிலாகக் கிழித்த கடதாசி. தபால்பெட்டியில் வந்து விழும் கடை விளம்பரங்களை விடிய எழும்பி உட்கார்ந்து கிழிக்கிறேன். என் கைக்கும் ஒரு வேலை. துவாய்கள் அநேகமாகத் தப்பிவிட்டன. உதறுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சில நாட்களில் சோபாவின் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, இரண்டு முன்காலாலும் அந்தத் துணியை மேலிருந்து கீழாக இழுக்கும். நகமுள்ள பூனை செய்கிற அதே வேலை. 'சோபா கிழியப் போகுது' என்று ஒருநாள் கத்திவிட்டு ஓடினேன். அது திடுக்கிட்டு நிறுத்தியது. துணியில் ஒரு நூல்கூட எழும்பியிருக்கவில்லை. அன்று அதன் பக்கத்தில் தரையில் இருந்து அழுதேன். அது என்னிலிருந்து இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. பிழை சொல்ல முடியாது.

மாசியில் தங்கை காணொளியில் வந்தாள். சின்ன வீடொன்று பார்த்திருக்கிறாளாம், யன்னல் பெரிசாம், கோடையில் வந்து கூட்டிக்கொண்டு போவாளாம். முகத்தில் எவ்வளவோ நாளுக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம். நான் மேசையில் இருந்தேன், இவர் பக்கத்தில். அவளுக்குக் காட்டவென்று இவர் பூனையின் சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிக் கூப்பிட்டார். அது வந்து திரையை மணந்துவிட்டுப் போனது. தங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? எனக்கு அது அடிக்கடி மனசுக்குள்ள வரும். வெட்டினது நல்லதுக்குத்தானே? அத்தானுக்கு ஒரு கீறலும் படேல்லைத்தானே?"

இவர் வலது கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலின் அடியில் அந்த நாலு தழும்பும் இன்னும் ஊதா நிறத்தில்தான் இருக்கின்றன. அவள் வசனத்தை முடிக்கும்வரை நான் குறுக்கே பேசவில்லை.

"ஓம்," என்றேன். "ஒரு கீறலும் படேல்லை."